மனையில் பெரும் பணம் எப்படிச் சேர்கிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நிலம் வாங்கி, கட்டடம் எழுப்பி, விற்றோ வாடகைக்கு விட்டோ தலைமுறைகளுக்குக் காணும் அளவு சொத்துச் சேர்த்தவர்கள் எல்லாக் காலத்திலும் இருந்திருக்கிறார்கள். எப்படி என்று கேட்டால் "நல்ல இடமாகப் பார்த்து வாங்கினார்கள்" என்ற ஒரே வரியில் பதிலை முடித்துவிடுகிறோம். அது போதாது. கணக்கு எப்படி ஓடுகிறது, யார் பணத்தில் ஓடுகிறது, எந்த இடத்தில் கவிழ்கிறது என்பதைக் கொஞ்சம் உட்கார்ந்து பார்த்தால்தான் விஷயம் பிடிபடும். என்னிடம் அடிக்கடி வரும் கேள்விகளை வைத்தே எழுதுகிறேன்.

லாபம் எங்கிருந்து வருகிறது? கட்டடத்திலிருந்தா?

கட்டடத்திலிருந்து வருவது குறைவுதான். செங்கல், சிமென்ட், கம்பி, கூலி எல்லாவற்றுக்கும் சந்தை விலை உண்டு, போட்டியும் உண்டு. கான்ட்ராக்ட் எடுத்துக் கட்டிக் கொடுப்பவர் கையில் கடைசியில் சில சதவீதம் நின்றாலே பெரிய விஷயம். அதோடு, சாவி கைமாறிய நாளிலிருந்தே கட்டடம் தேய ஆரம்பித்துவிடுகிறது. குழாய் கசியும், லிஃப்ட் பழுதாகும், சுவர் விரிசல் விடும். தேயாமல் இருப்பது அடியில் கிடக்கும் மண் மட்டும்தான்.

நிலம் வாங்கி, கட்டி, விற்கும் டெவலப்பர் செய்யும் வேலை வேறு. ஒரு நிலம் இன்று எதற்குப் பயன்படுகிறதோ அதற்குரிய விலையில் அதை வாங்குகிறார். நாளை எதற்குப் பயன்படப் போகிறதோ அதற்குரிய விலையில் விற்கிறார். அந்த இரண்டு விலைக்கும் நடுவே உள்ள இடைவெளிதான் அவருடைய வயல். கட்டடம் என்பது அந்த இடைவெளியைப் பணமாக்கும் கருவி.

நிலத்துக்கு எவ்வளவு கொடுக்கலாம் என்று எப்படி முடிவெடுக்கிறார்கள்?

கடைசியிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடுவார்கள். இந்தத் தொழிலின் உயிர்நாடி இந்த ஒரு தாள்தான், அதனால் நிதானமாகப் பார்ப்போம்.

கட்டி முடித்து எல்லா வீடுகளையும் விற்றால் வரும் தொகையை 100 என்று வைத்துக்கொள்வோம். கட்டுமானச் செலவு 50. வரைபடம், அனுமதிக் கட்டணம், விளம்பரம், தரகு எல்லாம் சேர்த்து 10. கடன் வட்டி 7. எடுக்கும் ஆபத்துக்கு ஈடாக டெவலப்பர் எதிர்பார்க்கும் லாபம் 18. ஆகமொத்தம் 85. மீதி 15 இருக்கிறது அல்லவா? அதுதான் நிலத்துக்குக் கொடுக்கக்கூடிய உச்ச விலை.

இப்போது வீட்டு விலை பத்து சதவீதம் ஏறி, 100 என்பது 110 ஆகிறது. செலவு அதே 67. லாபத்தையும் அதே விகிதத்தில் ஏறக்குறைய 20 என்று ஒதுக்கினாலும், நிலத்துக்கு மிஞ்சுவது 23. அதாவது வீட்டு விலை பத்து சதவீதம் ஏறினால் நிலத்தின் விலை ஐம்பது சதவீதத்துக்கு மேல் ஏறுகிறது. வீடுகள் வேகமாக விற்கும் காலத்தில் காலி மனையின் விலை ஏன் தலைகால் புரியாமல் பறக்கிறது என்பதற்கு விடை இங்கேதான் இருக்கிறது. ஏற்றத்துக்கு முன்பே 15 கொடுத்து வாங்கி வைத்தவருக்கு அந்தக் கூடுதல் மொத்தமும் சொந்தம். அவருடைய லாபம் 18லிருந்து 28 ஆகிவிடும்.

திருப்பியும் போட்டுப் பாருங்கள். விலை இருபது சதவீதம் இறங்கினால் விற்றுவரவு 80, ஆன செலவு 82. முதலுக்கே மோசம்.

இத்தனை பெரிய திட்டங்களுக்குச் சொந்தப் பணத்தையா போடுகிறார்கள்?

இல்லை. மேலே சொன்ன அதே கணக்கில், நிலத்தையும் சேர்த்து மொத்தச் செலவு 82. அதில் 57ஐக் கடன் கொடுப்பவர் தருகிறார், கைக்காசு 25 மட்டும் என்று வையுங்கள். வீடுகள் 100க்கு விற்றால் 25 போட்டவருக்கு 18 லாபம். 110க்கு விற்றால் லாபம் 28. போட்ட பணம் இரட்டிப்பையும் தாண்டிவிட்டது. ஒரு திட்டத்தில் கிடைத்ததை அடுத்ததில் போட்டு, இப்படி ஐந்தாறு சுற்று வெற்றியாக வந்தால் சாதாரண மனிதர் எங்கே போய் நிற்பார் என்று நீங்களே கணக்கிட்டுக் கொள்ளலாம். பெரும் சொத்து சேர்வதன் இயந்திரம் இதுதான்.

ஆனால் அதே வீடுகளை 60க்குத்தான் விற்க முடிந்தது என்றால்? கடன் கொடுத்தவருக்கு 57 முழுசாகப் போகும். 25 போட்டவருக்கு மிஞ்சுவது 3.

கடன் மட்டும்தான் வழி என்றும் இல்லை. வாங்குபவர்களின் முன்பணத்திலேயே கட்டுவது இன்னொரு வழி. ஹாங்காங்கில் 1950களில் ஹென்றி ஃபோக், கட்டி முடிக்காத வீடுகளைத் தவணையில் முன்கூட்டியே விற்கும் முறையைப் பரவலாக்கினார். அது டெவலப்பர்களின் மூலதனத் தேவையைப் பெரிதும் குறைத்துவிட்டது. நில உரிமையாளரையே பங்குதாரராக்கி, நிலத்துக்குப் பணம் தராமல் கட்டிய வீடுகளில் ஒரு பகுதியைக் கொடுப்பதும் உண்டு. எந்த வழியாக இருந்தாலும் ஒன்று மட்டும் மாறாது: ஆபத்தில் ஒரு பகுதி அடுத்தவர் தோளுக்குப் போகிறது. அதிலும் முன்பணம் கொடுத்த குடும்பங்களின் தோளுக்குப் போகும்போது என் மனம் பதைக்கும். வங்கி ஒரு கடனை இழந்தால் எழுதித் தள்ளிவிடும். ஒரு குடும்பம் இழப்பது வாழ்நாள் சேமிப்பு.

அனுமதிக்கு ஏன் இவ்வளவு மதிப்பு?

ஒரு காகிதத்தால் நிலத்தின் விலை பல மடங்கு மாறுவதால்தான். பிரிட்டனில் 1947ஆம் ஆண்டின் நகர, கிராமத் திட்டமிடல் சட்டம், தன் நிலத்தில் நினைத்ததைக் கட்டும் உரிமையை உரிமையாளரிடமிருந்து எடுத்து அரசின் அனுமதிக்கு உட்படுத்தியது. அதற்குப் பிறகு அங்கே விளைநிலத்துக்கும் வீடு கட்ட அனுமதி பெற்ற நிலத்துக்கும் நடுவே பெரிய விலைச் சுவர் எழுந்துவிட்டது. அந்தச் சுவரைத் தாண்ட வைப்பதையே தொழிலாகக் கொண்டவர்கள் இருக்கிறார்கள். ஒரு செங்கல்கூட வைக்காமல் அனுமதி வாங்கி, அதோடு நிலத்தை விற்றுவிட்டு நகர்ந்துவிடுவார்கள்.

நிலத்துக்கு மேலே இருக்கும் வெற்று வானத்துக்குக்கூட விலை உண்டு. நியூயார்க்கில் கிராண்ட் சென்ட்ரல் ரயில் நிலையத்தின் மேல் கோபுரம் கட்டக் கூடாது என்ற நகரத்தின் தடையை 1978இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. ஆனால் கட்டாமல் விட்ட உயரத்துக்கான உரிமையைப் பக்கத்து மனைகளுக்கு மாற்றிக் கொடுக்க வழி இருந்தது. அந்த உரிமை கைமாறும் சரக்காகவே ஆகிவிட்டது.

சிறு சிறு மனைகளைச் சேர்த்துப் பெரிய மனையாக்குவதில் என்ன லாபம்?

பத்துத் துண்டுகளாக இருக்கும்போது இல்லாத மதிப்பு ஒரே துண்டாகும்போது வந்துவிடுகிறது. பெரிய கட்டடத்துக்கு இடம், அகலமான வாசல், வண்டி நிறுத்த வசதி எல்லாம் ஒன்றாகச் சேர்ந்தால்தான் கிடைக்கும். ஆனால் இது பொறுமையைச் சோதிக்கும் வேலை. ஒன்பது பேர் கையெழுத்துப் போட்ட பிறகு பத்தாமவர் விலையை மூன்று மடங்கு கேட்பார், தரவும் வேண்டியிருக்கும். அதனால்தான் பெரிய கைகள் வெவ்வேறு பெயர்களில் சத்தமில்லாமல் வாங்குகின்றன.

நியூயார்க் டெவலப்பர் வில்லியம் ஸெக்கன்டார்ஃப் இதில் மகா கெட்டிக்காரர். நியூயார்க்கின் கிழக்கு ஆற்றங்கரையில் இறைச்சிக்கூடங்கள் இருந்த நிலம். நாற்றத்தால் அந்தப் பக்கமே யாரும் திரும்பமாட்டார்கள். அதைத் துண்டு துண்டாகச் சேர்த்துச் சுமார் 17 ஏக்கர் ஆக்கினார். 1946 டிசம்பரில் அந்த நிலத்தை வாங்க ஜான் ராக்ஃபெல்லர் ஜூனியர் 85 லட்சம் டாலர் கொடுத்தார். இன்று ஐக்கிய நாடுகள் சபையின் தலைமையகம் நிற்பது அங்கேதான். இறைச்சிக்கூடம் போனதும் சுற்றியிருந்த தெருக்களின் மதிப்பும் ஏறியது. ஒரு இடத்தை மட்டமாக்கும் காரணம் எது, அதை நீக்க முடியுமா என்று பார்க்கும் கண் அவருக்கு இருந்தது.

கட்டி விற்பது நல்லதா, வைத்துக்கொண்டு வாடகை வாங்குவது நல்லதா?

விற்றால் பணம் சீக்கிரம் கைக்கு வரும். ஆனால் தலைமுறை தாண்டி நிற்கும் பெரும் சொத்துகளைப் பார்த்தால், அநேகமாக எல்லாமே வைத்திருந்தவர்களுடையவை.

லண்டனின் குரோவ்னர் குடும்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1677இல் தாமஸ் குரோவ்னர், மேரி டேவிஸ் என்ற பன்னிரண்டு வயதுச் சிறுமியை மணந்தார். அவள் வழியாக வந்தது லண்டனுக்கு மேற்கே சுமார் 500 ஏக்கர் மேய்ச்சல் நிலமும் சதுப்பும். 1720களில் அதன் ஒரு பகுதியில் மேஃபேர் எழுந்தது. 1820களில் தாமஸ் கியூபிட் என்ற கட்டுநர் சதுப்பை மண் கொட்டி மேடாக்கி பெல்கிரேவியாவை எழுப்பினார். அந்தக் குடும்பம் நிலத்தை விற்கவில்லை, நீண்ட காலக் குத்தகைக்கு விட்டது. குத்தகைக்கு எடுத்தவர்கள் தங்கள் பணத்தில் வீடு கட்டினார்கள், ஆண்டுதோறும் நில வாடகை கட்டினார்கள். குத்தகை முடிந்ததும் நிலம் மட்டுமல்ல, மேலே நின்ற கட்டடமும் குடும்பத்திடம் திரும்பியது. அடுத்தவர் பணத்தில் கட்டி, அடுத்தவரிடமே வாடகை வாங்கி, கடைசியில் கட்டடத்தையும் பெறுவது! இதைவிட வலுவான ஏற்பாட்டை நான் பார்த்ததில்லை. அமெரிக்காவில் ஜான் ஜேக்கப் ஆஸ்டரும் ஏறக்குறைய இதையே செய்தார். விலங்குகளின் மென்மயிர்த் தோல் வணிகத்தில் சம்பாதித்ததை நகரம் வளர்ந்துவரும் திசையில் மன்ஹாட்டன் நிலத்தில் போட்டுக் குத்தகைக்கு விட்டார். 1848இல் இறந்தபோது அந்த நாட்டின் முதல் பணக்காரர் அவர்தான்.

வைத்திருப்பவருக்கு இன்னொரு வசதியும் உண்டு. சொத்தின் மதிப்பு ஏறியதும் அதை விற்காமல், ஏறிய மதிப்பின் மேல் புதுக்கடன் வாங்கி அடுத்த நிலத்தைப் பிடிக்கலாம். விற்றால்தான் லாபத்துக்கு வரி. கடனாக வந்த பணத்தைப் பல நாடுகள் வருமானமாகக் கருதுவதில்லை. வாடகை வட்டியைக் கட்டிக்கொண்டே வரும்.

சுற்றுப்புறத்தையே மாற்றிவிட முடியுமா?

பெரிய நிலம் கையில் இருந்தால் முடியும். சின்ன மனைக்காரர் ரயில் வருமா, பள்ளிக்கூடம் வருமா என்று காத்திருக்க வேண்டும். பெரிய நிலக்காரர் அதைத் தானே கொண்டுவருவார்.

ஜப்பானில் இச்சிஸோ கோபயாஷி இதற்குச் சிறந்த முன்னோடி. ஒசாகாவிலிருந்து ஆளரவமற்ற ஊர்ப்புறத்துக்கு மின்ரயில் பாதை. பயணிகள் எங்கிருந்து வருவார்கள் என்று எல்லோரும் கேட்டார்கள். அவர் பாதையோரத்தில் முதலிலேயே நிலத்தை வாங்கி வைத்தார். ரயில் ஓடத் தொடங்கிய 1910இலேயே இக்கேடாவில் வீடுகளைத் தவணை முறையில் விற்றார். பாதையின் ஒரு முனையில் தக்கராஸுக்காவில் வெந்நீர்க் குளியல், பிறகு 1914 முதல் இசை நாடகம். மறுமுனையில் உமேதா நிலையத்தில் 1929இல் பேரங்காடி. காலையில் வேலைக்கு ஒரு பக்கம், விடுமுறையில் பொழுதுபோக்க மறுபக்கம் என்று ரயில் இரண்டு திசையிலும் நிரம்பியது. ரயில் நிலத்துக்கு விலை கொடுத்தது, வீடுகள் ரயிலுக்கு ஆள் கொடுத்தன. ஹாங்காங் மெட்ரோ நிறுவனம் பிற்காலத்தில் நிலையங்களுக்கு மேலே குடியிருப்பு கட்டிச் சம்பாதித்ததும் இந்த வழியில்தான்.

கலிஃபோர்னியாவின் இர்வைன் நிறுவனம் பல்கலைக்கழகம் ஒன்றுக்கு 1,000 ஏக்கரை வெறும் ஒரு டாலருக்குக் கொடுத்தது. 1965இல் அங்கே வகுப்புகள் தொடங்கின. மிச்சமிருந்த நிலத்தில் ஒரு நகரமே வளர்ந்தது. 1977இல் அந்த நிறுவனத்தை வாங்கிய குழுவில் ஒருவரான டொனால்ட் பிரென், 1983இல் மற்றவர்களின் பங்கை வாங்கிக்கொண்டு பெரும்பான்மை உரிமையாளரானார். அமெரிக்க மனைத்தொழில் பணக்காரர் பட்டியலின் உச்சியில் அவர் பெயர் பல்லாண்டுகள் இருந்தது.

கட்டுமானத்தில் புதுமை செய்து பணக்காரர் ஆனவர்களே இல்லையா?

வில்லியம் லெவிட் இருக்கிறார். 1947இல் நியூயார்க்குக்கு அருகே உருளைக்கிழங்கு வயல்களில் லெவிட்டவுன் வேலையைத் தொடங்கினார். தொழிற்சாலையில் பொருள் நகரும், ஆள் நின்ற இடத்தில் நிற்பார். இங்கே வீடு நகராது, ஆட்கள் நகர்ந்தார்கள். வேலையை இருபத்துச் சொச்சம் படிகளாகப் பிரித்தார்கள். லாரி வந்து மனைக்கு மனை ஒரே அளவான மரக்கட்டைக் கட்டை இறக்கிவிட்டுப் போகும். ஒரு குழு தளம் போட்டுவிட்டு அடுத்த மனைக்குப் போய்விடும். வெள்ளை பெயின்ட் அடிப்பவர் வெள்ளை மட்டும், சிவப்பு அடிப்பவர் சிவப்பு மட்டும். உச்சத்தில் ஒரே நாளில் முப்பது வீடுகளுக்கு மேல் முடிந்தன. அங்கே மொத்தம் 17,000க்கு மேற்பட்ட வீடுகள் எழுந்தன. கறுப்பின மக்களுக்கு வீடு தரமாட்டோம் என்று ஒப்பந்தத்திலேயே எழுதிய ஊர் அது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

லெவிட் தன் நிறுவனத்தை 1960களின் இறுதியில் விற்றபோது பெரும்பகுதியை வாங்கிய நிறுவனத்தின் பங்குகளாகவே பெற்றார். பங்கு விலை சரிந்தது. 1994இல் இறந்தபோது அந்தச் செல்வம் அவரிடம் இல்லை.

எல்லோரும் பயந்து ஓடும்போது வாங்க வேண்டும் என்கிறார்களே?

உண்மைதான். ஆனால் அந்த நேரத்தில் கையில் பணமோ கடன் வாங்கும் தகுதியோ இருக்க வேண்டும் என்பதைச் சேர்த்துச் சொல்வதில்லை. 1967இல் ஹாங்காங்கில் கலவரம் வெடித்து, மக்கள் கிடைத்த விலைக்கு விற்றுவிட்டு வெளியேறினார்கள். பிளாஸ்டிக் பூ உற்பத்தியில் சம்பாதித்திருந்த லீ கா ஷிங் அப்போது நிலம் வாங்கினார். அவரால் காத்திருக்கவும் முடிந்தது. 1970களில் நியூயார்க் நகரமே திவாலின் விளிம்பில் நின்ற நாட்களில், டொராண்டோவின் ரைக்மன் சகோதரர்கள் 1977இல் மன்ஹாட்டனில் எட்டு அலுவலகக் கோபுரங்களைச் சுமார் 32 கோடி டாலருக்கு வாங்கினார்கள். பத்தாண்டுக்குள் அவற்றின் மதிப்பு பல மடங்கானது.

விற்கும் நேரமும் இதே அளவு முக்கியம். சாம் ஸெல் தன் அலுவலகக் கட்டட நிறுவனத்தை 2007 பிப்ரவரியில், கடனையும் சேர்த்து 3,900 கோடி டாலர் மதிப்பில் விற்றார். அடுத்த ஆண்டு உலக நிதிச் சந்தையே இடிந்து விழுந்தது.

அப்படியென்றால் இவ்வளவு திறமைசாலிகள் ஏன் திவாலானார்கள்?

அகலக்கால் வைத்ததால். மேலே புகழ்ந்த ரைக்மன் சகோதரர்களையே பாருங்கள். 1987இல் லண்டனின் பழைய துறைமுகப் பகுதியில் கேனரி வார்ஃப் திட்டத்தை எடுத்தார்கள். கட்டடம் தரமானது, யோசனையும் சரி என்று பின்னாளில் நிரூபணமானது. ஆனால் 1990களின் தொடக்கத்தில் அலுவலக வாடகை சரிந்தது, அங்கே போய்வரச் சரியான ரயில் இல்லை. 1992இல் நிறுவனம் விழுந்தது. ஜூபிலி ரயில் பாதை அங்கே வந்து சேர்ந்தது 1999இல். இடம் தவறவில்லை, ஏழு ஆண்டு வட்டிதான் தாங்கவில்லை.

ஸெக்கன்டார்ஃபின் நிறுவனமும் 1965இல் திவாலானது. எம்பயர் ஸ்டேட் கட்டடம் மலைக்க வைக்கும் வேகத்தில் எழுந்து 1931 மே 1இல் திறந்தது. பொருளாதார மந்தத்தின் நடுவில் தளம் தளமாகக் காலியாகக் கிடந்தது. சீனாவின் எவர்கிராண்ட் நிறுவனம் வாங்குபவர்களின் முன்பணத்திலும் கடனிலும் ஊதிப் பெருத்து, 30,000 கோடி டாலருக்கு மேற்பட்ட பொறுப்புகளோடு 2021இல் தவணை தவறியது. 2024 ஜனவரியில் ஹாங்காங் நீதிமன்றம் அதைக் கலைக்க உத்தரவிட்டது. பணம் கட்டிவிட்டு, ஜன்னல்கூட வைக்காத கோபுரங்களைப் பார்த்துக்கொண்டு நின்ற குடும்பங்கள் ஏராளம்.

சிறிய முதலில் தொடங்க வழி உண்டா?

உண்டு. டொனால்ட் பிரென் 1958இல் 10,000 டாலர் கடனில் ஒரே ஒரு வீடு கட்டித்தான் தொடங்கினார். ஒரு பழைய வீட்டை வாங்கிச் சீர்செய்து விற்பது, இரண்டு மூன்று பேர் சேர்ந்து ஒரு சிறு கட்டடம் எழுப்புவது என்று போகலாம். முதல் திட்டத்தில் லாபத்தைவிட அனுபவம் பெரிது என்று பலர் சொல்வார்கள். எனக்கு அதில் பாதிச் சம்மதம்தான். முதல் திட்டத்தில் நட்டப்பட்டவருக்கு இரண்டாவது திட்டத்துக்குக் கடன் கிடைப்பது கடினம்.

புதியவர்களின் கணக்கு பெரும்பாலும் எங்கே தவறுகிறது?

விலையில் என்று நினைப்பீர்கள். காலத்தில்தான் அதிகம். பதினெட்டு மாதத்தில் முடியும் என்று போட்ட திட்டம் முப்பது மாதம் இழுத்தால், கணக்குத் தாளில் 7 என்று எழுதிய வட்டி 12ஐத் தொட்டுவிடும். அந்த 5 போவது நேரே லாபத்திலிருந்து. அப்புறம், அஸ்திவாரம் தோண்டும்போது பாறையோ தண்ணீரோ வரும், அதற்கென்று ஒரு தொகையைத் தனியாக ஒதுக்கியிருக்க மாட்டார்கள்.

இந்தச் செல்வம் நியாயமானதா?

பாதிக்குப் பாதி என்றுதான் சொல்வேன். வெறும் சதுப்பைப் பார்த்து அங்கே ஒரு தெருவைக் கற்பனை செய்வதும், அதற்காக ஆபத்தை ஏற்பதும் உண்மையான உழைப்பு. ஆனால் நிலத்தின் மதிப்பில் பெரும் பங்கை உருவாக்குவது பொதுப்பணத்தில் வரும் ரயிலும் சாலையும் பள்ளியும், சுற்றிக் குடிவரும் மனிதர்களும். அந்தப் பங்கில் ஒரு பகுதியாவது வரியாகவோ மலிவான வீடுகளாகவோ பொதுமக்களுக்குத் திரும்ப வேண்டும் என்று உறுதியாக நம்புகிறேன்.

ஒரு திட்டத்தைப் பார்த்ததும் முதலில் எதைக் கேட்க வேண்டும்?

கடன் எந்தத் தேதியில் முடிகிறது என்று. அதுவரை ஒரு வீடுகூட விற்காமல், ஒரு தளம்கூட வாடகைக்குப் போகாமல் இருந்தால் எந்தப் பணத்தில் கட்டுவார்கள் என்று. 2007இல் சாம் ஸெல்லின் கட்டடங்கள் கைமாறியபோது, அவற்றில் ஏழு கட்டடங்களை நியூயார்க்கின் ஹாரி மேக்லோ ஏறக்குறைய 700 கோடி டாலருக்கு வாங்கினார். கைக்காசு 5 கோடி. மீதியெல்லாம் குறுகிய காலக் கடன், ஓராண்டில் திருப்ப வேண்டியது. 2008இல் தேதி வந்தபோது புதுக்கடன் கொடுக்க ஆளில்லை. அந்த ஏழு கட்டடங்களும் போயின. அவற்றோடு, 2003இல் அவர் ஆசையாக வாங்கி மெருகேற்றிய ஜெனரல் மோட்டார்ஸ் கட்டடத்தையும் விற்க வேண்டியதாயிற்று.